எழுதியதைப் படித்துச் சொல்ல ஒருவர்: மருத்துவ முடிவுகளுக்குத் தன் பிரதிநிதியை நியமித்த முதியவர் குறித்த நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இந்த ஆய்வின் மையமாக இருப்பவர் ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர். தனக்கு நினைவு தவறினால் சிகிச்சை குறித்துத் தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதைத் தம் 74ஆம் வயதில் எழுத்தில் குறித்து, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டவர். அந்த ஆவணம் பிறகு இரண்டு முறை பயன்பட்டது. முதல் முறை அவர் உயிர் பிழைத்து வீடு திரும்பினார், இரண்டாம் முறை திரும்பவில்லை. அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் நான் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதத்துடன் எழுதும் இந்தப் பதிவில் பெயர்களும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

அவருக்கு 2016 முதல் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தது. 2023இன் தொடக்கத்திலிருந்து வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று, இதயமும் ஓரளவு பலவீனமடைந்திருந்தது. மனைவிக்கு 70 வயது. மூத்த மகன் அதே ஊரில் தொழில் செய்கிறார், மகள் 90 கிலோமீட்டர் தொலைவில் பள்ளி ஆசிரியை, இளைய மகன் வெளிநாட்டில் பணிபுரிகிறார். பெற்றோர் மீது பாசம் குறைந்தவர் என்று மூவரில் எவரையும் சொல்ல முடியாது. பின்னால் எழுந்த சிக்கல் பாசக் குறைவால் வந்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022இல் அவருடைய அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 நாள் இருந்து இறந்தார். அந்த நாட்களில் ஒரு பிள்ளை ஒரு முடிவும் மற்றொரு பிள்ளை நேர்மாறான முடிவும் சொல்ல, அந்தந்த நேரத்தில் வாசலில் யார் நின்றார்களோ அவர்களிடமே கையெழுத்து வாங்கப்பட்டது என்று அவர் என்னிடம் விவரித்தார். அண்ணனின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லக்கூடியவர் அந்தக் குடும்பத்தில் இல்லை. "எங்கண்ணனைச் சுத்தி இருபது பேர் நின்னாங்க, அவருக்காகப் பேச ஒருத்தரும் இல்லை" என்றார்.

ஆகஸ்ட் 2023இல் நுரையீரல் மருத்துவரைப் பார்க்க வந்த அவரை மருத்துவரே எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். அன்று உடன் வந்தவர் மகள்.

அப்போது அவர் நம்பிக்கொண்டிருந்ததும் சட்டம் சொல்வதும்

எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில்தான் அவர் வந்தார். வீடு, வங்கி ஆகியவற்றுக்காக மூத்த மகனுக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார், உயிலும் இருந்தது. மருத்துவ விஷயத்துக்கும் அந்தப் பவரே போதும் என்று பத்திர எழுத்தர் சொல்லியிருந்தாராம். மிகப் பரவலாக உள்ள இந்த நம்பிக்கை மிகத் தவறானதும்கூட. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் பிரிவு 201இன்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகவருக்குக் கொடுத்த அதிகாரம் முடிந்துவிடும். அறிவு தெளிவாக இருக்கும்வரை செல்லுபடியாகும் பத்திரம், அது எந்த நாளுக்குத் தேவையோ அந்த நாளில் கைவிட்டுவிடும். உயில் இறப்புக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தை இந்த இரண்டில் எதுவும் தொடுவதில்லை.

மனைவி, மக்கள் இருக்கும்போது தனியே ஒருவரை நியமிப்பது எதற்கு என்பதுதான் எல்லாக் குடும்பங்களும் கேட்கும் அடுத்த கேள்வி. நினைவிழந்த ஒருவருக்காக முதலில் மனைவி, பிறகு மூத்த பிள்ளை என்று வரிசை வகுத்துத் தரும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. மருத்துவமனைகள் உறவினரிடம் கையெழுத்து வாங்குவது பெருமளவு வழக்கத்தின் அடிப்படையில்தான். சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தான அவசரநிலை இல்லாதபோது, மயக்க மருந்தில் இருந்த வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது. பெற்ற தாயின் கையெழுத்துக்கே இதுதான் நிலை.

அவருக்குப் பொருந்தும் வழியைத் திறந்தது காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. கண்ணியத்துடன் இறக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறில் அடங்கும் என்று கூறிய அந்தத் தீர்ப்பு, மீள வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன்னால் பேச முடியாதபோது அதன்படி ஒப்புதல் அளிக்கும் அதிகாரத்தை ஒரு காப்பாளருக்கோ நெருங்கிய உறவினருக்கோ தரவும் இடமளித்தது. ஆனால் அந்த ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டும் என்ற விதியால் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் பிரதிநிதியாகக் குறிக்கலாம். ஒரு நகல் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடம் இருக்க வேண்டும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும் ஒரு நகல் தர வேண்டும்.

இதன் எல்லையையும் அவரிடம் மறைக்காமல் சொன்னோம். இந்த ஆவணம் தரும் அதிகாரம் முதன்மையாகச் சிகிச்சையை மறுக்கவும் விலக்கவும் உரியது. எந்த மருத்துவர், எந்த அறுவைச் சிகிச்சை என்ற அன்றாட முடிவுகளை எல்லாம் ஒருவர் கையில் ஒப்படைக்கும் முழுமையான சட்டம் இங்கு இல்லை. மனநலச் சிகிச்சைக்கு மட்டும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தனி ஏற்பாடு செய்திருக்கிறது. அதன்படி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பிரதிநிதியை நியமித்துவிடலாம். உடல்நோய்க்கு அத்தனை எளிய வழி கிடையாது. இருப்பினும், நோயாளி தன் கைப்பட ஒருவரின் பெயரைக் குறித்திருக்கும்போது, சட்டம் கண்டிப்பாகக் கேட்காத இடங்களில்கூட மருத்துவர்கள் முதலில் அவரிடம்தான் பேசுவார்கள். அன்று அனுபவத்தில் நான் சொன்ன இது, பின்னர் இவர் விஷயத்திலேயே உறுதியானது.

நியமனம் நடந்த விதம்

அன்று ஏறத்தாழ நாற்பது நிமிடம் பேசினோம். யாரை நியமிப்பது என்ற கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. மூத்த மகன்தான் என்று ஊரும் உறவும் எதிர்பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் மகளைத் தேர்ந்தார். மூத்தவர் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப் பார்ப்பார், சூழ்நிலையைப் பார்த்துப் பொருள் கொள்ள மாட்டார் என்றார். இளையவருக்குத் தொலைவில் இருக்கும் குற்ற உணர்ச்சி எதையும் நிறுத்த விடாது என்றார். மனைவியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவளைக் கையெழுத்துப் போட வைக்காதீங்க. ஆயுசுக்கும் அதையே நினைச்சுக்கிட்டு இருப்பா." அருகில் இருக்கும் உறவையோ மூத்த உறவையோ தேடாமல், இந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்று அவர் எடைபோட்ட விதம் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. நியமனத்தைப் பரிசாகவோ மரியாதையாகவோ நினைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கப் பார்க்கும் பெற்றோரையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 2023இல் ஆவணம் தயாரானது. தட்டச்சு செய்யப்பட்ட முதல் பக்கம், இத்தகைய ஆவணங்களில் வழக்கமாக வரும் வாசகத்தோடுதான் தொடங்கியது: மீள முடியாத நோய்நிலையில் வெண்டிலேட்டர் உள்ளிட்ட உயிர்காப்புச் சிகிச்சைகள் வேண்டாம். இரண்டாம் பக்கத்தின் அடியில் விடப்பட்டிருந்த இடத்தில் அவர் நீல மையில், சற்று நடுங்கிய எழுத்தில், தம் கையால் ஒரு வரி சேர்த்தார். "திரும்பி வந்து பேப்பர் படிக்கவும் வீட்டில் உள்ளவர்களை அடையாளம் காணவும் முடியும் என்றால் எந்த மெஷினையும் வைத்து முயற்சி செய்யுங்கள், முடியாது என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்." அந்த வரிக்குப் பக்கத்தில் அவரும் இரண்டு சாட்சிகளும் நோட்டரியும் சுருக்கொப்பமிட்டனர்.

அசல் வீட்டு பீரோவுக்குள் போனது. மகள் இரண்டு பக்கங்களையும் தம் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார், மூத்த மகனுக்கு முதல் பக்கத்தின் படம் மட்டும் அனுப்பப்பட்டது. இளையவரிடம் "அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்று விடப்பட்டது. உள்ளாட்சி அலுவலகத்துக்கு நகல் போகவில்லை. இவற்றை நாங்கள் அன்றே வலியுறுத்தியிருக்க வேண்டும்.

முதல் சேர்க்கை: பிப்ரவரி 2024

ஒரு நள்ளிரவில் மூச்சுத்திணறல் கூடி, பேச்சு குழறி, பிறகு தட்டி எழுப்பினாலும் கண் திறக்காத நிலையில் மூத்த மகன் அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். இரத்தத்தில் கரியமில வாயு மிக உயர்ந்திருந்தது. நுரையீரல் அடைப்பு நோயில் இப்படி மயக்கம் வருவது உண்டு. முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தினால் பலர் மீள்வார்கள் என்பதால், பணியிலிருந்த மருத்துவர் அந்தக் கருவியைப் பொருத்தச் சம்மதம் கேட்டார், அது பலனளிக்காவிட்டால் தொண்டைக்குழாயும் வெண்டிலேட்டரும் தேவைப்படலாம் என்றும் சொன்னார்.

மூத்த மகன் மறுத்தார். கைபேசியில் இருந்த முதல் பக்கத்தைக் காட்டி, மெஷின் வேண்டாம் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை மீற மாட்டேன் என்றார். வீட்டுக்கு அழைத்துப் போகத் தயாராக இருப்பதாகவும் சொன்னார். அவர் குரலில் அலட்சியம் இல்லை, அழுதுகொண்டேதான் பேசினார் என்று அன்று அங்கிருந்த செவிலியர் குறிப்பிட்டார். அப்பாவின் சொல்லைக் காப்பாற்றுவதாகவே அவர் நம்பினார்.

ஆவணத்தில் பிரதிநிதியாக மகளின் பெயர் இருப்பதைக் கவனித்த மருத்துவர், அவரைத் தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். மணி 2:40. மகள் கேட்ட முதல் கேள்வி, "இதிலிருந்து மீண்டு வர வாய்ப்பு இருக்கிறதா?" என்பது. இருக்கிறது என்றார் மருத்துவர். மகள் இரண்டாம் பக்கத்தின் நீல மை வரியை அண்ணனுக்கும் மருத்துவருக்கும் கேட்கும்படி இரண்டு முறை படித்தார். சிகிச்சை தொடங்கியது. வேறொரு கேள்வியோடு அவர் தொடங்கியிருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் இரவு முகக்கவசம் போதவில்லை. தொண்டைக்குழாய் போடலாமா என்ற முடிவை எடுக்கும்போது, ஐந்து நாள் என்று காலவரையறை வைத்துப் பார்ப்பது, முன்னேற்றம் இல்லையெனில் மீண்டும் உட்கார்ந்து பேசுவது என்று மருத்துவரும் மகளும் உடன்பட்டனர். மூத்த மகனிடமும் இதை விளக்கி இருவரிடமும் கையெழுத்துப் பெற்றோம். இங்கே மகளின் சொல் சட்டப்படி எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது தெளிவற்றது, ஏனெனில் இது சிகிச்சையை மறுக்கும் கட்டம் அல்ல. அதனால்தான் இருவரையும் கையெழுத்திட வைத்தோம். நான்காம் நாள் குழாய் எடுக்கப்பட்டது. பதின்மூன்றாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

பொதுவாக மக்கள் இந்த ஆவணத்தைச் "சிகிச்சை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது" என்றே புரிந்துகொள்கிறார்கள், அந்தப் பயத்தினாலேயே தவிர்க்கிறார்கள். இவர் விஷயத்தில் அது முதலில் செய்த வேலை, நடக்க வேண்டிய சிகிச்சையை நடக்க வைத்தது. தாளை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் அது அன்றிரவு அவருக்கு எதிராகவே படிக்கப்பட்டிருக்கும். மயக்கத்தில் உள்ளவர் எந்தப் பொருளில் எழுதினார் என்பதை அறிந்த ஓர் ஆள் தேவை. அந்த ஆள் இன்னார்தான் என்பது மருத்துவமனைக்குச் சந்தேகமின்றித் தெரியவும் வேண்டும்.

வீடு திரும்பிய பின்: மார்ச் முதல் அக்டோபர் 2024 வரை

நடந்ததைக் கேட்டறிந்த அவர் மூத்த மகனைக் கடிந்துகொள்ளவில்லை. முழு ஆவணத்தையும் மகனுக்குக் கொடுக்காதது தம் தவறு என்றார். ஏப்ரலில் எங்கள் பிரிவில் குடும்பக் கூட்டம் ஒன்று வைத்தோம். மூத்த மகனும் மகளும் மனைவியும் வந்தனர். இளையவர் வீடியோ அழைப்பில் வந்து, "இதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று சில நிமிடங்களில் விடைபெற்றுக்கொண்டார். அவரை மீண்டும் அழைத்துப் பேச வேண்டும் என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அழைக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது அந்த ஒரு வரிதான்.

ஆவணம் புதிதாக எழுதப்பட்டது. மகள் எட்டாத தொலைவில் இருந்தாலோ உடல்நலமின்றி இருந்தாலோ பேச, முதியவர் அதே ஊரில் உள்ள தம் தம்பியை இரண்டாம் பிரதிநிதியாகச் சேர்த்தார். முழு நகல்கள் மூன்று பிள்ளைகளுக்கும், தம்பிக்கும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கும் போயின. எங்கள் நோயாளி கோப்பிலும் ஒன்று வைக்கப்பட்டது. உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கொடுக்கப்போன மூத்த மகனிடம், இதை வாங்கிக்கொள்ளத் தங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்றார்கள். அவர் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினார், கையெழுத்தான அட்டை திரும்பி வந்தது. அஞ்சல் துறையில் வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்த அட்டை கையில் வந்ததில் ஒரு திருப்தி இருந்தது. அதை ஆவணத்தோடு சேர்த்துத் தைக்கச் சொன்னார்.

இரண்டாம் சேர்க்கை: நவம்பர் 2024

ஒரு காலை வீட்டில் இதயத்துடிப்பு நின்றது. 108 ஆம்புலன்ஸ் பணியாளர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்து மீட்டனர். துடிப்பு திரும்ப ஏறத்தாழ 25 நிமிடம் ஆயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டர் பொருத்தப்பட்டது. இதை மகள் எதிர்க்கவில்லை. மூளைக்கு எவ்வளவு பாதிப்பு என்பது முதல் நாட்களில் தெரியாது, தெரியும்வரை முயல்வது அப்பா எழுதியதற்குள் அடங்கும் என்றார்.

நான்காம் நாள் நரம்பியல் மருத்துவரின் பரிசோதனை, மூளை மின்னலைப் பதிவு, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றின் முடிவுகள் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டன. கண்மணிகள் ஒளிக்கு அசையவில்லை, மூளை முழுவதும் ஆக்சிஜன் இன்றிப் பாதிக்கப்பட்டிருந்தது. ஏழாம் நாள், நீண்ட காலம் வெண்டிலேட்டரில் வைப்பதென்றால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவக் குழு கூறியது. மகள் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்பா பேப்பர் படிக்கும் நிலைக்கு வருவாரா?" மருத்துவர் சிறிது நேரம் கழித்து, இல்லை என்றார். அடையாளம் காணும் நிலையையும் எதிர்பார்க்க முடியாது என்றார்.

முந்தைய நாள் வந்து சேர்ந்திருந்த இளைய மகன் இதை ஏற்கவில்லை. பிப்ரவரியிலும் இப்படித்தான் சொன்னீர்கள், பிழைத்து வந்தாரே என்பது அவர் வாதம். பிப்ரவரியில் மருத்துவர் சொன்னது இதற்கு நேர்மாறானது என்பதை அவர் அறியார், ஏனெனில் அந்த இரவின் விவரம் அவருக்கு முழுமையாகப் போய்ச் சேரவே இல்லை. மூன்று நாட்களில் மூன்று முறை பேசினோம். மூன்றாவது முறை நரம்பியல் மருத்துவர் இரண்டு நோய்நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் படங்களோடு விளக்கினார். மூத்த மகன் எழுந்து, "நானும் அன்னிக்கு அவசரப்பட்டுத் தப்பா முடிவெடுத்தேன், அவதான் சரியாச் சொன்னா" என்று தம்பியிடம் சொன்னபோது அறை அமைதியானது. இளையவர் சம்மதம் என்று சொல்லவில்லை, எதிர்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் மகள் ஆவணத்தின்படி எழுத்துமூலம் ஒப்புதல் அளித்தார். 2023 உத்தரவின்படி, சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் சேர்ந்த முதல்நிலை மருத்துவ வாரியத்தை மருத்துவமனை அமைத்தது. அது மறுநாளே கருத்தைத் தந்தது. அதற்கு முன் ஆவணம் உண்மையானதா என்று உறுதிசெய்ய வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டபோது நகல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒப்புகை அட்டையும், நோட்டரியின் பதிவேட்டில் இருந்த வரிசை எண்ணும், சாட்சிகளில் ஒருவர் நேரில் வந்து சொன்னதும் அந்த இடைவெளியை நிரப்பின. அந்த அட்டை ஆவணத்தோடு தைக்கப்பட்டிருக்காவிட்டால் நாட்கள் இன்னும் நீண்டிருக்கும்.

முதல் வாரியத்தின் கருத்தை உறுதிசெய்ய வேண்டிய இரண்டாம் நிலை வாரியத்துக்கு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு மருத்துவரை நியமிக்க வேண்டும். அந்த அதிகாரம் எங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகத்திடம் இருக்கிறது என்று கண்டறிவதிலேயே நான்கு நாட்கள் போயின. இரு வாரியங்களும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு சொல்கிறது. வாரியமே அமையாதபோது அந்த 48 மணி நேரம் எங்கிருந்து தொடங்கும்? அந்த நான்கு நாட்களும் மகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடிவு தெரிந்த பிறகு காத்திருப்பது, தெரியாமல் காத்திருப்பதைவிடக் கொடியது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

முடிவு

பதினைந்தாம் நாள் இரண்டாம் வாரியமும் உடன்பட்டது. பதினாறாம் நாள் காலை, இரு வாரியங்களின் கருத்தும் மகளின் ஒப்புதலும் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டன. அன்று மாலை குடும்பத்தார் அனைவரும் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். மூச்சுத்திணறல் தெரியாதிருக்க மார்ஃபினும் மயக்க மருந்தும் கொடுக்கப்பட்டு, வெண்டிலேட்டர் விலக்கப்பட்டது. ஐந்து மணி நேரம் கழித்து அவர் இறந்தார். மனைவி கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்கப்படவில்லை.

பின்விளைவுகள்

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத முடியாது. இளைய மகன் சில மாதங்கள் அக்காவுடன் பேசவில்லை. மகளுக்குச் சில இரவுகளில் நரம்பியல் மருத்துவர் தவறாகச் சொல்லியிருந்தால் என்ற எண்ணம் வருகிறது. அவர் தொலைபேசியில் கேட்கும்போது அறிக்கைகளை மீண்டும் படித்துச் சொல்கிறேன். சட்டப்படியான நியமனம் இந்த வேதனையை நீக்கிவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. முதியவருடைய அண்ணன் குடும்பத்தில் நடந்ததோடு ஒப்பிடும்போது வேறுபாடு ஒன்றுதான். இங்கே சண்டை "அப்பா என்ன விரும்பியிருப்பார்" என்பதைப் பற்றியதாக ஒருபோதும் மாறவில்லை, அதற்கு விடை எழுத்தில் இருந்தது. மருத்துவர்கள் சொல்வது சரிதானா என்பதில் மட்டுமே பிள்ளைகள் முரண்பட்டார்கள், அந்த முரண்பாட்டை அறிக்கைகளை வைத்துப் பேசித் தீர்க்க முடிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எங்கள் தவறுகள். ஆவணம் எழுதும் நாளிலேயே எல்லாப் பிள்ளைகளிடமும், குறிப்பாக எதிர்க்கக்கூடியவரிடம், நோயாளியின் வாயாலேயே சொல்ல வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்குத் தனியே நேரம் ஒதுக்குவதை இப்போது தவறவிடுவதில்லை. பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவதை அனுமதிப்பதில்லை, முழு ஆவணமும் ஒரே கோப்பாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவதாக, மருத்துவமனையின் ஒப்புதல் படிவம். அதில் "நோயாளிக்கு உறவுமுறை" என்ற கட்டம் மட்டும் இருந்தது. நோயாளியால் நியமிக்கப்பட்டவர் யார் என்று கேட்க இடமே இல்லை. பிப்ரவரி இரவில் மருத்துவர் ஆவணத்தில் இருந்த மகளின் பெயரைக் கவனித்தது அவருடைய நிதானத்தால் நடந்தது, எங்கள் முறையால் அல்ல. இப்போது உள்நோயாளிச் சேர்க்கைத் தாளிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, பெயரும் எண்ணும் கோப்பின் முகப்பில் எழுதப்படுகின்றன. இரண்டாம் நிலை வாரியத்துக்கு யாரை அணுகுவது என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவதாக, மருத்துவமனைக்கு வெளியே உள்ளவை. நகலை வாங்கிப் பாதுகாக்கும் அதிகாரி யார் என்பதை ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் அறிவித்தாக வேண்டும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் இந்த நடைமுறைகளை விளக்கிச் சுற்றறிக்கை வெளியிட்டது. எல்லா மாநிலங்களிலும் கீழ்நிலை அலுவலகம்வரை அத்தகைய தெளிவு வந்தால், அந்த நான்கு நாட்கள் இன்னொரு குடும்பத்துக்கு நேராது. அதுவரை, ஆவணம் எழுதுகிறவர்கள் நகலை ஒப்புகைச் சான்றுடன் அனுப்பி, அந்தச் சான்றை ஆவணத்தோடு இணைத்து வைப்பதே என் பரிந்துரை.

கடைசியாக ஒன்று. நேரமும் தெளிவும் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. எழுதுபவர் முழு அறிவுத் தெளிவோடு, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். மறதிநோய் முற்றிய பிறகு பெற்றோரை அழைத்து வந்து கையெழுத்து வாங்கித் தரச் சொல்லும் பிள்ளைகளை மாதம் ஒருவரையாவது திருப்பி அனுப்பவேண்டியிருக்கிறது. எழுதிய பின் மனம் மாறினால், தெளிவு இருக்கும்வரை, எழுத்தில் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், மாற்றி எழுதலாம். இந்த முதியவரே ஏழு மாதத்தில் மாற்றி எழுதினார்.

அவருடைய மூத்த மகன் சென்ற மாதம் தமக்கான ஆவணத்தோடு வந்தார். வயது 51. பிரதிநிதியாகத் தங்கையின் பெயரைக் குறித்திருக்கிறார். தட்டச்சுப் பக்கங்கள் தயாராக இருக்கின்றன, கையால் எழுத வேண்டிய வரிக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று மனைவியோடு பேசிவிட்டு வருவதாகச் சொல்லி எடுத்துப் போயிருக்கிறார்.